மூன்று பீப்

மூன்று முறை கத்தினால் ரேம்.
ஒரே நீளமாக இழுத்தால் டிஸ்ப்ளே.
ஒன்றுமே கத்தாவிட்டால்
பின்பக்கம் மூக்கை வைத்து முகர வேண்டும்.
கருகிய வாடை என்றால் சாயல்குடிக்குப் பஸ்,
பல்லி வாடை என்றால் நானே போதும்.

மூக்கையூரில் கச்சான் கிளம்பிவிட்டால்
ஜன்னலைச் சாத்துவதும் சாத்தாததும் ஒன்றுதான்.
மணல் வருகிற வழி தெரியும், துணி அடைக்கலாம்.
உப்பு வருகிற வழி
பதினோரு வருடமாகப் பிடிபடவில்லை.
கடலாடியில் பிரவுசிங் சென்டரை மூடியபோது
ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கிய பெட்டி.
பக்கத் தகட்டில் ஆறு திருகாணி இருந்தன.
நாலுக்குத் துருவில் தலை உதிர்ந்துபோய்
இப்போது வலைக்கயிறு சுற்றிக் கட்டியிருக்கிறேன்.
வீட்டில் முடிச்சுக்கா பஞ்சம்?

இன்று மூன்று பீப்.
கயிற்றை அவிழ்த்தேன்.
விசிறியில் மணல், மணலில் எறும்பு,
எறும்பு இழுத்துப்போகும் பல்லிமுட்டை ஓடு.
இரும்புக் கதவைத் தொட்டுவிட்டு
ரேமை இரண்டு காதும் விலக்கி உருவினேன்.
பொன் பற்களில் பச்சைக் களிம்பு.
மகளின் பென்சில் டப்பாவைத் திறந்தேன்.
ஸ்ட்ராபெர்ரி மணக்கும் ரப்பர்,
அவள் ஒருமுறைகூடத் தேய்க்காமல் வைத்திருந்தது.
தேய்த்தேன்.
பள்ளிவிட்டு வந்தால் சண்டை இருக்கிறது.

ராமநாதபுரத்து சகுபர் சாதிக் போனில் சொல்வார்,
"அக்கா, அதத் தூக்கிப் போட்டுட்டு
புதுசு வாங்குங்க."
சரிதான் தம்பி,
நண்டுக் கம்பெனி எனக்குக் கொடுப்பது
மாதம் இரண்டாயிரத்து ஐநூறு.

திரை எழுந்தது.
தேதி தெரியவில்லை, எஃப் ஒன்னை அழுத்து என்றது.
அழுத்தினேன்.
மூலையில்: 01-01-2003.

உள்ளே இருக்கும் காசளவு பேட்டரி செத்தால் இப்படித்தான்.
கரண்ட் போகும்போதெல்லாம்
பெட்டி அந்தப் புத்தாண்டுக்குப் போய்விடும்.
தினமும் காலையில் தேதியைக் கையால் அடித்து
நிகழ்காலத்துக்கு இழுத்து வருவேன்.
இன்று அடிக்க மறந்து
கணக்கைத் திறந்துவிட்டேன்.

சந்தியாகு, முன்பணம் நாற்பதாயிரம்,
வாங்கியது 2019 மே.
மாதம் இரண்டு வட்டி.
வட்டிக் கட்டத்தில்
கழித்தல் ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எண்ணூறு.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
இன்னும் வாங்காத கடனுக்கு
பதினாறு வருடம் முன்கூட்டியே
கம்பெனி வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.
இன்னாசிக்குக் கழித்தல்.
ராயப்பனுக்குக் கழித்தல்.
போன ஐப்பசியில் வள்ளம் கவிழ்ந்து
எஞ்சினைக் கடலில் விட்ட தொபியாசுக்கு
எல்லோரையும்விடப் பெரிய கழித்தல்.
நாற்பத்து மூன்று பேரும் வரிசையாகச் சிவப்பில்,
அடியில் மொத்தம்.
எண் கட்டத்துக்குள் அடங்காமல் வேலிக் கம்பிகளாக நின்றது.
சுட்டியால் கட்டத்தை அகலமாக்கினேன்.
இன்னும் கொஞ்சம். இன்னும்.

வெளியே நண்டு வேகும் வாசம்.
சந்தியாகு தராசுப் பக்கம் நின்று
சூப்பர்வைசர் கிளாட்வினிடம்
கால் ஒடிந்த நண்டுக்கு விலை கெஞ்சிக்கொண்டிருந்தார்.
கூப்பிடலாமா என்று நினைத்தேன்.
கூப்பிட்டு என்ன காட்ட?
பேட்டரி செத்ததையா?

பிரிண்டரில் மை இல்லை.
இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

வாட்ச் கடையில் நாற்பது ரூபாய்க்கு
புதுப் பேட்டரி போன வாரமே வாங்கியாயிற்று,
அரிசி டப்பாவில் இருக்கிறது, ஈரம் படாமல்.
மாட்டுவதற்கு ஐந்து நிமிடம்.
அந்த ஐந்து நிமிடமும் எனக்கு இருந்தது.

தேதியைக் கையால்தான் அடித்தேன்,
நாள், மாதம், வருடம்,
ஒவ்வொரு எண்ணாக.
சிவப்பு கறுப்பானது.
சேமிக்கவா என்று கேட்டது.

தகட்டைச் சாத்தி
கயிற்றைச் சுற்றினேன்.
இந்த முறை
ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு.