மூன்று மாதம் பத்து நாள்

பாடாங் செராய் பெரிய தெருவில்
மருந்துக்கடைக்கும் கைப்பேசிக் கடைக்கும் நடுவே
கம்பி போட்ட ஜன்னல்.
கம்பிக்கு இந்தப் பக்கம் நான்,
யோகமலர், வயது இருபத்தேழு,
அடகுச் சீட்டு எழுதுகிறவள்.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை
யாரும் வர மாட்டார்கள்.
செம்பனை லோரிகள் ஆலைக்குப் போய்விட்டிருக்கும்.
பொன் நிறுக்கும் தராசை ஓரமாய்த் தள்ளிவிட்டு
போன மாத நாட்காட்டித் தாளின் முதுகில்
கணக்குப் போடுகிறேன்.
வங்கித் தேர்வுக்கு இன்னும் நாற்பத்தொரு நாள்.

ஏ என்பவர் ஒரு வேலையைப்
பன்னிரண்டு நாளில் முடிக்கிறார்.
பி-க்குப் பதினெட்டு.
சேர்ந்து செய்தால்?
ஏழு நாள், கொசுறாய் ஐந்தில் ஒரு பங்கு.
நடுவில் மழை பிடித்துக்கொண்டால் என்று
புத்தகம் கேட்பதில்லை.
பி-யின் பெர்மிட் முடிந்து
டாக்காவுக்கு விமானம் ஏற்றிவிட்டால் என்றும் கேட்பதில்லை.
ஒரு கேள்விக்கு ஐம்பது விநாடி,
அதற்குள் இதையெல்லாம் யோசிக்கக் கூடாதாம்.

குணவதிக்குக் கையுறை ஆலையில் இரவு ஷிப்ட்.
விடிகாலை நாலு மணிக்கு
வாட்ஸ்அப்பில் ஐந்து ஆங்கிலச் சொல் அனுப்புவாள்,
அவள் குரலுக்குப் பின்னால் இயந்திரம் இரையும்.
ஃபார்தர், ஃபர்தர்.
எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது.
"தூரம்னா ஃபார்தர்டி, அதுக்கும் மேலன்னா ஃபர்தர்."
அதற்கும் மேல் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.
சுங்கை பட்டாணி என்றாள்.

தமிழில் இல்லை,
மலாயில் இல்லை,
தவ்கே திட்டும் ஹொக்கியனிலும் இல்லை
இந்த 'தி'.
மூன்று மொழியில் கடன் வாங்கி
மூன்று மொழியில் கட்டி முடித்திருக்கிறோம்,
எங்கும் அது தேவைப்பட்டதில்லை.
இப்போது ஐந்து மதிப்பெண்ணுக்கு
வாசலில் நின்று வழி மறிக்கிறது.

அப்புறம் இன்ட்ரஸ்ட்.
'ஆன்' போட்டால் கடன்மேல் ஏறும்.
'இன்' போட்டால் மனசுக்குள் இறங்கும்.
கோடிட்ட இடத்தை நிரப்பு என்றால்
என் கை யோசிக்காமல் 'ஆன்' போடுகிறது.
எட்டு வருடப் பழக்கம்.

மாதிரித் தேர்வு மூன்று, கேள்வி இருபத்தொன்று:
அறுநூறு ரிங்கிட், மாதம் இரண்டு வட்டி,
மூன்று மாதம் பத்து நாள்.
நாற்பத்தெட்டு என்று வட்டமிட்டேன்.
தப்பு. நாற்பதாம்.
விடைப்பக்கத்தை மூன்று தடவை பார்த்தேன்.
எங்கள் கடையில் பத்து நாள் என்று ஒன்று கிடையாது.
மாதம் தாண்டி ஒரு நாள் ஆனாலும்
அது முழு மாதம்.
சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது,
நான்தான் ஒட்டினேன்.

அன்றிரவு அந்த எட்டு ரிங்கிட்டையே
பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.
ஐம்பது கணக்கு, எல்லாம் துண்டு மாதம்.
போட்டுப் போட்டுக் கை திருந்தியது.

திருந்தியதுதான் வம்பு.
வெள்ளிக்கிழமை சரவண ஸ்டோர் பாக்கியவதி
வளையல் மீட்க வந்தார்.
அறுநூறு. மூன்று மாதம். பத்து நாள்.
நாற்பது என்று எழுதி, வாங்கி, முத்திரை குத்தி
அனுப்பிவிட்டேன்.
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது,
ஆறு மணிக்குக் கணக்கு முடிக்கும்போது
தவ்கேவுக்குத் தெரிந்தது.
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்.
"படிச்சுப் படிச்சுக் கெட்டுப்போயிட்ட."

சம்பளத்தில் எட்டு ரிங்கிட் பிடித்தார்.
என் செலவு நோட்டில்
பரீட்சைப் புத்தகம் முப்பத்திரண்டு,
பஸ் ஆறு நாற்பது,
அதற்குக் கீழே எழுதினேன்:
பாக்கியவதி, எட்டு.

சுங்கை பட்டாணியில்
ஜில்லென்ற அறை, முப்பது கணினி.
பக்கத்து இருக்கையில் குணவதி,
ரப்பர் வாசனை போக இரண்டு முறை குளித்தாளாம்.
ஆங்கிலம் முதலில் வந்தது.
'தி' போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன்.

கணக்கில் நான்காவது கேள்வி:
தொள்ளாயிரம், மாதம் இரண்டு வட்டி,
ஐந்து மாதம் இருபது நாள்.
விடைகளைப் பார்த்தேன்.
நூற்றிரண்டும் இருந்தது.
நூற்றெட்டும் இருந்தது.
பதினொரு விநாடி போய்விட்டிருந்தது.
இந்தக் கேள்வியை எழுதியவர்,
யாரோ, எந்த ஊரோ,
அவருக்கும் ஓர் அடகுக்கடை தெரிந்திருக்கிறது.