கிழக்கு வராத லப்டொப்

பொத்தானை அமத்தினால்
நீல விளக்கொன்று வரும். அவ்வளவுதான்.
குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊத்தி
ஆறவைத்துக் குடித்து
கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால்
அப்போதுதான் கடவுச்சொல் கேட்கும்.
பதினொரு நிமிடம். மணி பார்த்தே சொல்கிறேன்.

மெதுவாய் இருப்பதில் எனக்குக் கோபமில்லை.
கச்சேரியிலும் அப்படித்தான்.
ழ தான் பிரச்சினை.

பாமினியில் ழ இருக்கும் விசை
மார்கழியில் செத்தது.
செத்த மாதத்தின் பெயரைக்கூட அடிக்க முடியவில்லை.
ஒரு எழுத்துத்தானே என்பவர்கள்
ஒருநாள் வந்து காணி உறுதி அடித்துப் பார்க்கட்டும்.
பரப்பு வரும், குழி வராது.
கிணறு வரும், வழிவாய்க்கால் வராது.
வடக்கு, தெற்கு, மேற்கு மூன்றுக்கும் எல்லை போட்டு
கிழக்குப் பக்கம்
வேலியில்லாமல் திறந்தே கிடக்கும்.

அதனால் பக்கத்தின் உச்சியில்
பழைய உறுதியொன்றிலிருந்து ஒரு ழ கொண்டுவந்து வைத்து
வேண்டும்போதெல்லாம் எடுத்தேன்,
உறைமோர் எடுப்பதுபோல.
ஒருநாள் அதை அழிக்க மறந்து அச்சாகிவிட்டது.
நொத்தாரிசு குகபாலன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"இதென்ன பிள்ளை, புதுப் பிள்ளையார் சுழியோ?"

அன்று பின்னேரம் ஸ்ரான்லி வீதிக்குப் போனேன்.

சாருஜன் கடையில் ஏசி உண்டு, கதிரை இல்லை.
பன்னிரண்டு திருகாணியையும் காந்தத் தட்டில் வைத்தான்.
ஊதினான்.
கோண்டாவில் செம்மண் மேசையெல்லாம் பறந்தது.
காற்றாடிக்குள்ளிருந்து ஒரு கட்டெறும்பு
சாட்சி சொல்ல வந்ததுபோல் இறங்கி நடந்தது.
"பற்றரி வீங்கிப்போச்சு அக்கா.
ஹாட் டிஸ்க் இருமுது, கேளுங்கோ."
காதருகே பிடித்தான்.
ஓம். இருமியது.

ஒரு கடதாசி, நடுவில் கோடு.
இடப்பக்கம்
எஸ்எஸ்டி பதினொன்று, றாம் எட்டு,
பற்றரி பன்னிரண்டு, கீபோட் ஆறரை.
கூட்டினால் முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு.
வலப்பக்கம் ஒரே வரி:
புதிது, இரண்டு லட்சத்துப் பதினையாயிரம்.
தவணைக்கும் தருவார்களாம்.

ஓர் உறுதிக்கு என் கூலி ஆயிரத்து எண்ணூறு.
மனக்கணக்கு எனக்குக் கெதியாய் வரும்.
இடப்பக்கத்துக்கு இருபத்தொரு காணி கைமாற வேண்டும்.
வலப்பக்கத்துக்கு நூற்றிருபது.
நூற்றிருபது பேர் காணி விற்கவேண்டும் என்று
எந்தக் கோயிலில் போய் நேருவது?

"நானெண்டால் புதிசுதான் வாங்குவன்" என்றான்.
பிறகு தேய்ந்த விசைகளைத் தடவிப் பார்த்து,
"ஆனா இப்ப வாறதெல்லாம் மெல்லிசு.
நீங்கள் அடிக்கிற அடிக்கு நிக்காது."
அது பாராட்டா தெரியாது.
பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆரியகுளத்தடியில் ஸ்கூட்டியைத் திருப்பி
மறுபடி போனேன்.
"எஸ்எஸ்டியும் கீபோட்டும் போடும் தம்பி.
பற்றரியைக் கழற்றிவிடும், வயரோடு கிடக்கட்டும்.
கரண்ட் போனால் நானும் நிப்பாட்டுறன்."

இப்போது இருபது விநாடி.
கேத்தில் கொதிக்கமுன் வந்து நிற்கிறது,
வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தா என்று
வாசலில் நிற்கும் ஆட்களைப்போல.
தேத்தண்ணி குறைந்துவிட்டது. தலையிடிக்கிறது.

புது விசையில் ழ வருகிறது.
இரண்டாய் வருகிறது.
நேற்று உரும்பிராய்க் காணி ஒன்று,
கிழழக்கு: வாழழைத் தோட்டம்.
"கொண்டாங்கோ அக்கா, மாத்தித் தாறன்,
மூண்டு மாதம் வரண்டி இருக்கு" என்கிறான்.
போகவேண்டும்.
அதுவரை ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டிருக்கிறேன்,
இரவல் வாங்கியவள்
கூடிப்போனதைத் திருப்பிக் கொடுப்பதுபோல.

கடதாசி லாச்சிக்குள் இருக்கிறது.
வலப்பக்க விலை
பதினாலாம் திகதிவரைக்கும் செல்லுமாம்.