உள்ளூர் விலை

அப்புத்தளையில் துணி காய்வதில்லை.
மூன்றாம் நாளாகக் கொடியில்
மூடுபனியைக் குடித்துக் கனத்துத் தொங்குகிறது
என் நீலக் காற்சட்டை.
ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான்
லியோன் கம்பெனி ஒன்றுக்காகத்
தமிழில் எழுதிக்கொண்டிருப்பது
சலவை இயந்திரக் கையேடு,
பக்கம் நாற்பத்தொன்று:
"உலர்த்தும் முறைகள்."

மின்சாரம் போகிறது.
கீழ்வீட்டில் நிசன்சலா
மெழுகுவர்த்திக்கு முன்னால் என்னைத்தான் தேடுவாள்,
வாடகைக்காரிக்கு இருட்டு பயமென்று
முதல் வாரமே முடிவு செய்துவிட்டாள்.
மறுக்கும் அளவுக்கு எனக்குச் சிங்களம் வராது.
மெழுகுவர்த்திகள் பதினாறு சேர்ந்துவிட்டன.

காலை ஏழுக்குப்
பாண் வண்டியின் மெட்டு வளைவேறி வரும்.
காரைக்காலில் ரொட்டி என்றேன்,
லியோனில் இருபது வருடம்
மூக்கால் பாதி சொல்லி நிறுத்திய சொல்,
இங்கே முழுசாக, பாண்.
வாய் அவ்வளவு தூரம் வரவில்லை என்பது
ஒரு ஆறுதல்.

தோட்டத்து வாசலில் பலகை இருக்கிறது,
உள்ளூருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்கு ஒரு விலை.
காவலாளி முகத்தைப் பார்க்கிறார்,
சின்னச் சீட்டைக் கிழிக்கிறார்.
"அக்கா, வாயத் திறக்க வேணாம்"
என்று முன்பே சொல்லிவைத்திருக்கிறான்
த்ரீவீல் சுரங்க.
பையின் அடியில்
கருஞ்சிவப்புக் கடவுச்சீட்டு
இருமல் வந்த பிள்ளைபோல் அடங்கிக் கிடக்கிறது.
ஒன்பது தடவை இப்படி மலை ஏறிவிட்டேன்.
என் முகம் எனக்குத் தந்த தள்ளுபடி.

ரயில் பாதையோரம் சாக்கு விரித்து
லீக்ஸும் கரட்டும் விற்பவள் புவனமலர்.
பதுளை ரயிலுக்குச் சாக்கை ஒரு முழம் இழுப்பாள்,
போனதும் ஒரு முழம் தள்ளுவாள்,
பேச்சு நிற்காது.
விசா புதுப்பிக்கக் கொழும்புக்குப் போய்
அப்போதுதான் இறங்கியிருந்தேன்.
"அதக் கொஞ்சம் காட்டுங்களேன்."
கைமண்ணைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.
ஒவ்வொரு தாளாய்ப் புரட்டினாள்,
முத்திரைகளை, வெற்றுப் பக்கங்களையும்.

"எங்கப்பாவுக்கும் ஒண்ணு இருந்துச்சு.
இந்தியா பாஸ்போர்ட்டு, படம் ஒட்டினது.
சாமானெல்லாம் வித்தாச்சு,
கோழியக்கூட வித்தாச்சு.
கப்பல் நின்னு போச்சு."

ஒரு கரட்டை ஒடித்து
பாதியை என்னிடம் நீட்டினாள்.

"பொறகு என்ன,
அவரும் உங்கள மாதிரி வெளிநாட்டு ஆளு.
இதே மலையில, அதே லயத்துல,
கவ்வாத்து வெட்டிக்கிட்டு."

எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியது.
காரைக்காலில் என் அப்பா
கையெழுத்து ஒன்றுக்குக் கிடைத்த தேசத்தை
ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்
கோட்டுப் பையில் வைத்து வெளியே போவார் என்று.
சொல்லவில்லை. கரட்டைக் கடித்தேன்.
குளிர்ந்த மண்ணின் ருசி.

அன்று சாயங்காலம் பனி விலகியது.
தெற்கே, மலைகள் தீர்ந்த இடத்தில்
அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி ஒரு வெள்ளி.
"முஹுத" என்றாள் நிசன்சலா, விரல் நீட்டி.
அந்தச் சொல் எனக்குத் தெரிந்திருந்தது.
கடல்தான். என்னுடையது இல்லை,
அது இன்னும் வடக்கே, வேறு மணலில்.
ஆனாலும் உப்புக் காற்றுக்கு
மூக்கு தானாக விரிந்தது, வந்ததோ
யூக்கலிப்டஸ் வாசம்.

மறுநாள் புவனமலரிடம்
அரைக் கிலோ போஞ்சி கேட்டேன்.
எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்குச் சொன்னதைவிட
இருபது ரூபாய் கூட்டிச் சொன்னாள்,
கண்ணை நேராகப் பார்த்து.
"நீங்க பாஸ்போர்ட்டுக்காரவங்கதானே."

கொடுத்தேன்.
காசை எண்ணி மடியில் செருகியவள்
நான் திரும்பும்போது கூப்பிட்டு
ஒரு பிடி மல்லித்தழையைப் பைக்குள் திணித்தாள்.
அதற்கு விலை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தேன்.
இடுப்புப் பட்டி மட்டும் இன்னும் ஈரம்.