வழக்கமான வேலை

ஊத்துக்கோட்டை ஸ்டேஷனில் நான் ரைட்டர்.
பழைய எண்களை மறக்கச் சொல்லி
இரண்டு நாள் வகுப்பெடுத்தார்கள்.
முன்னூற்று இருபது இனி நூற்றுப் பதினாறு.
இருபது நாள் வலி இனிப் பதினைந்து நாள்.
பல் உடைந்தால் அப்போதும் கொடுங்காயம்,
இப்போதும் கொடுங்காயம்.

சுப்பராயலுவுக்கு எழுபத்தொன்பது.
பத்திரத்தில் கைரேகை வைக்கவில்லை என்று
தங்கை மகன் அடிபம்புக் கைப்பிடியால் அடித்திருக்கிறான்.
துண்டு முனையில் முடிந்து கொண்டுவந்ததை
என் மேசையில் அவிழ்த்தார்:
இரண்டாகப் பிளந்த பல்செட்,
ரோஸ் நிற ஈறோடு.

புத்தகத்தைப் புரட்டினேன்.
பல் என்றால் முளைத்த பல்.
வாங்கிய பல் பொருள்;
உடைந்தால் சேதக் கணக்கு,
கண்ணாடி டம்ளர் மாதிரி.
"நாலாயிரத்து ஐநூறு" என்று ரசீதை நீட்டினார்.
சொல்லில் பாதி காற்றாகப் போனது.

எலும்பு முறியவில்லை.
சாதாரணக் காயம் என்று எழுதிய டாக்டர்
"இந்த வயசுல நீலம் மெதுவாத்தான் வடியும்" என்பதை
வாயால் மட்டும் சொன்னார்.

மிச்சம் ஒரே வழி:
பதினைந்து நாள்
வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் கிடந்தால்.
"உங்க வழக்கமான வேலை என்னங்கய்யா?"
"ஏமி லேதம்மா."

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
வயது என்றொரு கட்டம் இருக்கிறது. நிரப்புகிறோம்.
அதற்குப் பிறகு அந்த எண்ணை
யாரும் எதனோடும் கூட்டுவதில்லை.

பதினாறாம் நாள்
சத்தியவேடு பஸ்ஸுக்கு வழிவிட்டு
ஆரணியாற்றுப் பாலத்தில் ஒதுங்கி நின்றேன்.
டீக்கடைக்காரர் கேட்டார்:
"பெருசு எங்கம்மா? தினம் அஞ்சரைக்கு வந்து
பிச்சாட்டூர்ல தண்ணி திறந்தானான்னு பாத்துச் சொல்லும்.
இப்ப நாங்களே எட்டிப் பாக்க வேண்டியிருக்கு."

அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் இருந்தார்,
சுவர்ப் பக்கம் திரும்பி.

கூடுதல் வாக்குமூலத்தில் சேர்த்தேன்:
காயம்பட்டவரின் வழக்கமான வேலை ஆற்றைப் பார்ப்பது.
பதினாறு நாளாக அவரால்
ஆற்றைப் பார்க்க முடியவில்லை.

எஸ்.ஐ. இரண்டு முறை படித்தார்.
"கோர்ட்ல சிரிப்பாங்க, கோமளா."
"சிரிக்கட்டும் சார்."
பேனாவைத் திறந்தார், மூடினார்.
அடிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

ஃபைல் அவர் மேசையில் இருக்கிறது.
ரசீதும் பல்செட்டும் அரக்கு வைத்த உறைக்குள்.
நேற்று ராத்திரி
பிச்சாட்டூரில் திறந்துவிட்டார்களாம்.