முதல் தட்டு

தொக்காய் ஊர், பசிபிக் ஓரம்,
பைன் மரங்களுக்குப் பின்னால் ஒரு கட்டடம்.
நாலாவது நாளாக இரவுப் பணி.
முடுக்கியிலிருந்து கிளம்பும் ஆக்சிஜன்
க்யூரியத்தின் மேல் போய் விழுகிறது, ஓயாமல்.
ஏறக்குறைய எல்லாமே வீண்.
நிமிடத்துக்கு இரண்டு தடவை,
அதுவும் மனது வைத்தால்,
நூற்று நான்காம் எண்ணில் ஓர் அணு.

எழுபத்தெட்டு விநாடியில் பாதி போய்விடும்
என்கிறது அட்டவணை.
இருப்பதே ஒன்று. அதில் எது பாதி?

ஹீலியம் காற்றில், உப்புத் தூசியின் முதுகில் ஏற்றி,
உதோன் இழை தடிமனில் ஒரு குழாய் வழியாகச்
சுவர் தாண்டி அனுப்புகிறார்கள்.
மறுமுனையில் சொட்டு அமிலம் காத்திருக்கிறது.
அந்த மேசையில் கண்ணாடி கிடையாது,
கண்ணாடியைத் தின்னும் அமிலம் அது.
விரலில் பட்டால் எலும்பில் போய்த்தான் நிற்கும்.
இரட்டைக் கையுறைக்குள் குராமொச்சி மினேகோவின் கைகள்
வியர்த்து ஊறிவிட்டன.

கரைந்ததா?

யாரிடம் கேட்பது.
நிறம் மாறவில்லை, வீழ்படிவு இல்லை.
சர்க்கரை கரைந்தால் நாக்கு சொல்லும்.
கல்லூரியில் அவள் எழுதிய சமன்பாடுகளில்
அம்புக்குறியின் இரண்டு பக்கமும் கூட்டம் இருந்தது,
போகிறவர்களும் வருகிறவர்களும்.
இங்கே ஒரே ஆள்.
பிசினில் ஒட்டுகிறது, விடுகிறது,
இந்தக் கரை, அந்தக் கரை, மறுபடி இந்தக் கரை.
கூட்டம் ஒரே சமயத்தில் செய்வதை
இது தனியாக, திரும்பத் திரும்பச் செய்கிறது.
சாவதற்குள் செய்து முடிக்க வேண்டும்.

ஒட்டாமல் ஓடியவை முதல் தட்டுக்கு.
ஒட்டிக்கொண்டதைக் கடுமையான அமிலம் ஊற்றிப் பிடுங்கினால்
அது இரண்டாம் தட்டுக்கு.
இரண்டையும் விளக்கடியில் காய்ச்சி
உணரிக்கு முன்னால் வைத்து
உட்கார்ந்திருக்க வேண்டும்.
ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று: ஒன்றுமில்லை.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு: ஒன்றுமில்லை.
பதின்மூன்றில் குழாய் அடைத்துக்கொண்டது.

"இரண்டாம் தட்டுதான்," என்றான் ஷியோத்சுகி,
காய்ந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை மென்றபடி.
"சிர்கோனியம் ஒட்டியது, ஹாஃப்னியம் ஒட்டியது.
அதே வரிசையில் கீழ்வீட்டுக்காரன் இவன்.
ஒரே குணம்தானே இருக்கும்?"
பந்தயம் ஒரு டப்பா காப்பி.
அவள் பந்தயம் கட்டவில்லை.
கீழே போகப் போக நடுவில் பாரம் ஏறும்,
உள்வட்டத்து எலக்ட்ரான்கள் ஒளியைத் துரத்திக்கொண்டு ஓடும்,
அந்த ஓட்டத்தில் வெளிவாசல் எப்படித் திறக்கும் என்று
கணக்குப் போட்டவர்களே மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

இரண்டு நாற்பதுக்கு ஓர் ஆல்பா.
யாரும் நகரவில்லை.
ஒன்று மட்டும் என்றால் அழுக்காகவும் இருக்கலாம்.
ஷியோத்சுகி மெல்வதை நிறுத்தினான்.
பத்தொன்பது விநாடி கழித்து,
அதே இடத்தில், இன்னொன்று.

நோபெலியம். மகள்.
மகள் வந்து சொன்ன பிறகுதான்
தாய் என்று ஒருத்தி இருந்தது நிச்சயமாயிற்று.

முதல் தட்டு.

காப்பி வாங்க அவன் எழுந்து போனான்.
யாரும் பந்தயம் கட்டவில்லையே என்று
வழியில்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்,
இருந்தாலும் இரண்டு டப்பாவோடு திரும்பினான்.
ஓர் அணு போதாது, அது இருவருக்கும் தெரியும்.
தற்செயலாகவும் நழுவியிருக்கலாம்.
நூறாவது வேண்டும்; கற்றையோ
வெள்ளிக்கிழமையோடு வேறு குழுவுக்குப் போய்விடும்.
அவள் நோட்டில் ஒரு கோடு போட்டாள்.
பென்சிலால்தான் போட்டாள்.

உப்பில் அந்த அணு கிளம்பாமலே செத்த தடவைகள்,
குழாய் வளைவில் செத்தவை,
சொட்டில் கரைந்து, பிசினைத் தொடுமுன் செத்தவை
எந்தத் தட்டிலும் இல்லை.
அவற்றுக்கும் ஒரு குணம் இருந்தது.

ஐந்து மணிக்கு வேலிமேல் காகங்கள் கரைந்தன.
பைன்களுக்கு அப்பால் கடல் வெளுத்துக்கொண்டிருந்தது.
ஆயிரத்து நானூற்று அறுபத்தி ஏழு:
அவள் பொத்தானை அழுத்தினாள்.