எர்த்து

பிரேக் மிதித்தால் வைப்பர் ஒருதரம் தலையாட்டுகிறது.
இடது இண்டிகேட்டர் போட்டால்
டீசல் முள்ளும் கூடவே துடிக்கிறது,
மினுக்குக்குப் பத்து லிட்டர் ஏறி, பத்து லிட்டர் இறங்கி.
ஹெட்லைட் எரிகிறபோது
கியர் 'பி'யை விட்டு நகராது.
இருட்டிய பின் கிளம்புவதென்றால்
விளக்கை அணைத்து, கியரை இழுத்து,
மறுபடி விளக்கைப் போட வேண்டும்.

"காத்து கீத்து அடிச்சிகீதா பாரு"
என்கிறார் கஜபதி.
பம்பரில் ஒரு எலுமிச்சை
மூன்று வாரமாகக் காய்கிறது.

துறைமுக ஏலத்தில் எடுத்த பழைய வண்டி.
கிளட்ச் கிடையாது.
ஆறு வருடமாக வேலையில்லாத அவர் இடது கால்
தரையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.
விஷாரத்துக் கிடங்கிலிருந்து ராணிப்பேட்டைக்கு
உப்புத் தடவிய பச்சைத் தோல்.
நிறுத்திய இடத்தில் எல்லாம்
சொட்டிக் காய்ந்த வெள்ளைக் கோடு.
என் கடை வாசலிலும் ஒன்று. நாய் வந்து நக்கிப் பார்த்தது.

பேட்டரி மாற்றியாயிற்று.
ஆற்காட்டில் ஆல்டர்னேட்டர் மாற்றியாயிற்று.
வாலாஜாவில் ஒருவன்
கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் செத்துவிட்டது, அறுபதாயிரம் என்றானாம்.
"நாளைக்குள்ள ஆகலன்னா இரும்புக்குப் போட்டுடுறேன்"
போனில் முக்தார் பாய்.
கஜபதி அதைக் கேட்காததுபோல் டயரை உதைத்துப் பார்த்தார்.

ஃப்யூஸ் எல்லாம் நல்லாயிருந்தது.
ரிலே ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிச் செருகினேன்.
ஸ்விட்சைக் கழற்றி வெயிலில் பார்த்தேன்.
மத்தியானம் தாண்டியும்
கரண்ட் போகிற வழியையே தேடிக்கொண்டிருந்தேன்.
டீ ஆறி ஆடை கட்டிய பிறகுதான்
அது திரும்பி வருகிற வழி ஞாபகம் வந்தது.

மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில்,
மறுமுனை கேபின் தகட்டில்.
"ஹெட்லைட்டைப் போடுங்க."
பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில்
நாலு புள்ளி ஒன்று.

வாசல் அடைத்திருந்தால்
வந்த கரண்ட் என்ன செய்யும்?
வைப்பர் மோட்டாருக்குள் புகுந்து,
டீசல் முள்ளின் சுருளைச் சுற்றி,
கண்ட கண்ட சந்தில் வழி கேட்டு
வீடு போய்ச் சேரப் பார்த்திருக்கிறது.
ஒரு ஜம்பர் ஒயரைத் தகட்டில் கவ்வவிட்டேன்.
"இப்ப மிதிங்க."
வைப்பர் அசையவில்லை.
கஜபதி நாலுதரம் மிதித்தார், நம்பாமல்.

கேபினைத் தூக்கிக் கவிழ்த்துப் போல்ட்டைத் தேடினேன்.
பச்சைப் பூசணமாய்ப் பூத்துக் கிடந்தது எர்த்து ஒயர்.
உப்பின் வேலை.
அதன் கழுத்தில் மஞ்சள் டேப்,
இடமிருந்து மூன்று சுற்று, திருப்பி ஒரு சுற்று,
நுனியை உள்ளே மடித்து.

இந்த ஊரில் அப்படி மடிப்பவன் ஒருவன்தான்.

பாலாற்றில் தண்ணீர் வந்த அந்தக் கார்த்திகை.
இரவு பதினொன்று, கொட்டுகிற மழை,
ரோட்டோரம் இதே வண்டி.
அறுந்த எர்த்தை எடுத்து
பக்கத்துப் போல்ட்டில் கட்டினேன்.
பெயின்ட்டைச் சுரண்டவில்லை. கை விறைத்திருந்தது.
"இப்போதைக்கு ஓடும்" என்றேன்.
இருநூறு ரூபாய் வாங்கினேன்.
மூன்று வருடம் ஓடியிருக்கிறது.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார் கஜபதி.
"எவன் கட்டுனது இது? அவன் கையில இடி உழ."
"எவனோ" என்றேன்.

வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டினேன்.
புது ஒயர், புது வாஷர், மேலே கிரீஸ்.
தேவைக்கு மேல் இரண்டு திருகு முறுக்கினேன்.

"இன்னாபா, கணக்குல இருநூறு கொறையுது?"
"கொறச்சிக்கிட்டேன்."
"எதுக்கு?"
ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையும்
கீழே கிடந்த மஞ்சள் டேப்பையும் பார்த்தார்.
அல்லது பார்த்ததாக எனக்குத் தோன்றியது.

பிறகு பம்பரிலிருந்து எலுமிச்சையை அவிழ்த்து
என் கடைக் கதவில் கட்டினார்.
"உனுக்குத்தாம்பா கண்ணு பட்டுகீது."

ஹெட்லைட் எரிய எரிய
'பி'யிலிருந்து வழுக்கி இறங்கியது கியர்.
இடது இண்டிகேட்டர் மினுக்கியது.
முள் நின்ற இடத்தில் நின்றது:
கால் டாங்க்குக்கும் கீழே.
இத்தனை நாள் அவ்வளவுதான் இருந்திருக்கிறது.