வெள்ளி, நாலு மணி

கிளைப்பெடா துறைமுகத்தில் எனக்கு இரவுப்பணி.
கப்பல்களுக்கு வழிகாட்டும் படகுகளை
அனுப்பிவைக்கிற வேலை.
காற்று ஏறித் துறைவாயிலை மூடிவிட்டால்
அனுப்ப ஒன்றுமிருக்காது.
கறுப்புத் திரையைத் திறப்பேன்.

படம் இல்லை. பொத்தான் இல்லை.
நாள் என்று தட்டினால் நாளைக் காட்டும்.
ஆள் என்று தட்டினால் ஆளை.
கடன் என்றால்
செய்யாமல் விட்டதையெல்லாம்
தேதிவாரியாக, ஈவிரக்கமின்றி.

யாரோ எழுதியது, யார்யாரோ திருத்தியது.
போர்ட்டோவில் ஒரு பல் மருத்துவர்
ஞாயிற்றுக்கிழமைகளைச் சரிசெய்தாராம்.
ஹோபார்ட்டில் ஒருத்தி, லீப் வருடத்தை.
யாரும் காசு கேட்பதில்லை.
உரிமப் பத்திரத்தின் கடைசிப் பத்தி மட்டும்
கொட்டை எழுத்தில் சொல்கிறது:
எந்தக் காரியத்துக்கும் இது உதவும் என்று
நாங்கள் உறுதி தரவில்லை.
எங்கள் திருமணச் சான்றிதழில்
இத்தனை நேர்மை இல்லை.

ஸ்கைஸ்தேதான் நிறுவித் தந்தாள்,
பதினோரு வருடம் முன்பு.
இருவருக்கும் ஒரே கோப்பு.
நான் எழுதுவது அவளிடம் போகும்,
அவள் எழுதுவது என்னிடம் வரும்.
பிரிந்தபோது நாற்காலிகளைப் பங்கிட்டோம்,
காரை விற்றோம்,
காளான் பறிக்கும் கூடைக்குக்கூட ஒரு சண்டை.
கோப்பை மறந்துபோனோம்.
அவள் மறந்திருக்க மாட்டாள்.
நான் கேட்கவில்லை.

ஆகவே நாலு வருடமாக
அவளுடைய பல்வலி எனக்குத் தெரியும்.
வில்னியுஸ் ரயில் எத்தனை மணிக்கென்று தெரியும்.
‘நீலக் கோட்டு, தையற்காரர்’ என்று ஒரு செவ்வாய்.
‘ஜில்வினாஸ் பிறந்தநாள்’ என்று ஒரு மார்ச்,
வருடாவருடம் திரும்பும்படி,
முடிவுத் தேதி இல்லாமல்.

என் வரிகளும் அங்கே போவதால்
கொஞ்சம் தலைவாரித்தான் அனுப்புவேன்.
‘ஓட்டம், ஐந்து கிலோமீட்டர்.’
ஓடியதில்லை.

நேற்றிரவு கோப்பை இழுத்தபோது
பாதியில் நின்றுவிட்டது.
முரண், என்றது.
ஒரே வரியை இருவர் தொட்டிருக்கிறீர்கள்.

மேலே என்னுடையது:
    வெள்ளி, நாலு மணி, லியெபா நீச்சல். நான் அழைத்துவருகிறேன்.
நடுவே சமக்குறிகளால் ஒரு வேலி.
கீழே அவளுடையது:
    வெள்ளி, நாலு மணி, லியெபா நீச்சல். ஜில்வினாஸ் அழைத்துவருவார்.

எங்களை இவ்வளவு சுத்தமாக
எந்த வக்கீலும் எடுத்துவைத்ததில்லை.
யார் பக்கம் நியாயம்?
அதைச் சொல்லாது.
கையால் தீர்த்துக்கொள் என்று
கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும்.

பழி என்றொரு கட்டளை உண்டு.
எந்த வரியைக் கடைசியாகத் தொட்டது யார்,
எந்த நாள், எத்தனை மணி, காட்டிக்கொடுக்கும்.
தட்டினேன்.
அவள் எழுதியது
முந்தின இரவு இரண்டு நாற்பது.
நான், இரண்டு நாற்பத்தொன்று.
அப்போது காற்று நொடிக்கு இருபத்திரண்டு மீட்டர்,
துறைவாயில் மூடியிருந்தது.
அவளுக்கு இரவுப்பணி கிடையாது.

வேலியை அழித்தேன்.
அவள் வரியை அழித்தேன், மீட்டேன்.
என் வரியை அழித்தேன்,
மீட்டேன்,
மறுபடி அழித்தேன்.

விடவில்லை அது.
மாற்றத்துக்குக் காரணம் எழுது.
வெற்றுக் காரணம் ஏற்கப்படாது.

நிறைய இருந்தன காரணங்கள்.
எழுதியது இது:
‘அங்கே முடி உலர்த்தும் கருவி பழுது.
கம்பளித் தொப்பி எடுத்துப்போகச் சொல்.’

தள்ளினேன். போய்ச் சேர்ந்தது என்றது.
பனாமாக் கொடி கட்டிய ஒரு கப்பல்
வழிகாட்டி கேட்டது. அனுப்பினேன்.
இன்னொன்று, உரம் ஏற்றியது. அதற்கும்.

விடிந்து வீட்டுக்குக் கிளம்புமுன்
பழக்கத்தில் தட்டினேன், கடன்.
ஓட்டம், ஐந்து கிலோமீட்டர்.
மின்கட்டணம்.
பிறகு ஒரு வரி,
என் கை எழுதாதது:

‘தொப்பி உன் வீட்டில்தான் இருக்கிறது.
வெள்ளி, மூன்றரை.’